வலது கை பெண்பால்

நீங்கள் இந்தப் பிரெஞ்சுப் பயிற்சி மையத்தில் ஆசிரியர்களாகச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒவ்வொருவராக என்னிடம் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். வகுப்பில் வலது கையைத் தூக்கினால் நர்ஸ்கள் எல்லோரும் ‘லா’ என்கிறார்கள், இடது கையைத் தூக்கினால் ‘லெ’ என்கிறார்கள், இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது சார் என்று. எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாகர்கோவிலில், நம் மாடியில், இந்த இரண்டு அறைகளில் மட்டும்தான் இருக்கிறது. நான் ஓய்வு பெற்றுப் போய்விட்டேன், பழக்கம் போகவில்லை. அதன் கதையை ஒரு தடவை சொல்லிவிட்டால் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பிந்துவின் ஞாபகம் வந்துவிட்டது. அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது.

பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஒன்று ஆண், இல்லையென்றால் பெண். ஆணுக்கு முன்னால் லெ, பெண்ணுக்கு முன்னால் லா. மேசை பெண், கட்டில் ஆண். நமக்குத் தமிழில் இந்தத் தலைவலி கிடையாது. மனிதர் என்றால் அவன், அவள், மிச்சமெல்லாம் அது. நாற்காலி ஆணா பெண்ணா என்று நம் வீட்டில் யாரும் கவலைப்பட்டதில்லை. அதனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது மனப்பாடமாக ஏறாது, உடம்பில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். படத்தைக் காட்டுவேன், வாய் திறக்க மாட்டேன், கையை மட்டும் தூக்குவேன். வகுப்பு சேர்ந்து சொல்லும்.

ஆரம்பத்தில் ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்றுதான் வைத்தேன். யோசித்து வைத்ததில்லை, கை தானாகப் போனது. மறுநாளே முன்வரிசையில் இருந்த தக்கலைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

“சார், ஒரு சந்தேகம். சாப்பிடுற கை ஆம்பளைக்கு, கழுவுற கை எங்களுக்கா?”

வகுப்பு முழுக்கப் பெண்கள். எல்லோரும் வெளிநாட்டு வேலைக்காகப் பிரெஞ்சு படிக்க வந்த நர்ஸ்கள். பத்து நோயாளிகளையும் இரண்டு டாக்டர்களையும் ஒரே நேரத்தில் மேய்த்துப் பழகியவர்கள். இலக்கணத்தில் மரியாதை, அவமரியாதை என்றெல்லாம் கிடையாதம்மா என்று சமாளித்துப் பார்த்தேன். “அப்ப மாத்தி வைங்க சார், இலக்கணம் கோவிக்காதுல்லா” என்றாள். மாற்றி வைத்தேன். அன்றிலிருந்து நம் மையத்தில் வலது கை பெண்பால். உங்களில் ஒருவர் இது சற்று அநாகரிகமாக இருக்கிறது என்று அலுவலக அறையில் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டேன். சண்டை போட்டு வாங்கிய இலக்கணத்தை யாரும் மறப்பதில்லை, தம்பி. நீங்கள் அழகாக அச்சடித்துக் கொடுக்கும் தாளை அவர்கள் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்து அவர்கள் கேட்பது ‘ஏன்’. நம் ஊரில் காரணம் இல்லாமல் எதையும் விழுங்க மாட்டார்கள். மண்டைக்காட்டுப் பெண் ஒருத்தி கடலுக்குச் சட்டென்று ‘லா’ என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கடலம்மைன்னுதானே சார் சொல்லுவோம்” என்றாள். சரிதான், பிரெஞ்சிலும் கடல் பெண். சூரியன் ஆண், அதுவும் பொருந்தியது. பிறகு நிலா வந்தது. சந்திரன் ஆணில்லையா, எல்லோரும் ஒன்றாக ‘லெ’ என்றார்கள். நான் வலது கையைத் தூக்கினேன். வகுப்பு ஏமாற்றப்பட்டது போல என்னைப் பார்த்தது. சித்ரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறதே, அங்கே நிற்கும் பிரெஞ்சுக்காரனுக்கு அது ஒரு தம்பதி. நமக்கு இரண்டு ஆம்பளைகள். அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன்.

அவர்களாகக் கண்டுபிடிக்கும் காரணங்களை உடைக்காதீர்கள். தட்டு பெண், கரண்டி பெண், முள்கரண்டியும் பெண், கத்தி மட்டும் ஆண் என்று சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “சும்மா மிரட்டிக்கிட்டுக் கிடக்கது ஆம்பளதானே சார்” என்றது. அந்த வகுப்பில் யாரும் கத்தியைத் தப்பாகச் சொன்னதே இல்லை. காரணம் பொய், பிடிமானம் நிஜம். ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று நீங்களே நம்பிவிடக் கூடாது. பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் எவ்வளவு பெரிய மீசையோடு காவலாள் நின்றாலும் அந்தச் சொல் பிரெஞ்சில் பெண். மீசையும் பெண். உள்ளங்கையும் விரலுமாக இருக்கும் கை பெண், அதற்கு மேலே இருக்கும் புஜம் ஆண். மணிக்கட்டில் இருவரும் எப்படி ஒத்துப்போகிறார்களோ தெரியாது.

புதுச்சேரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவரிடம் இளவயதில் நானும் இந்த ‘ஏன்’ கேட்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. உன் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் ஏன் உங்களுக்கு இந்தப் பெயர் என்றா கேட்பாய், பெயரைக் கேட்டுக்கொண்டு பழக ஆரம்பிப்பாய் அல்லவா என்றார். இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. தாராளமாக உங்கள் பதிலாகச் சொல்லிக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன்.

இனி பிந்து.

கொட்டாரத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். கணவருக்கு அங்கே உரக்கடை. அவள் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் வளைகுடாவில் நர்ஸ். பிரசவத்துக்கு ஊருக்கு வந்தாள், குழந்தை தவழும் முன்பே விடுப்பு முடிந்து திரும்பிவிட்டாள். குழந்தையைக் கணவரின் அக்கா வளர்த்தார். குழந்தைக்கு அவர் மாமி. அம்மா என்பவள் சாயங்காலம் போனில் வரும் ஒரு முகம். அடுத்த விடுப்பில் ஊருக்கு வந்து, வகுப்பில் சேர வந்த அன்று பிந்து என்னிடம் பேசியதில் பிரெஞ்சு பற்றி ஒன்றுமே இல்லை.

“எனக்க பேரு அவளுக்குப் போன் அம்மா, சார். நேர்ல வந்து நிக்கேன், கூப்பிட்டா வரமாட்டேங்கா. மாமிக்க சேலைக்குள்ள போய் ஒளிஞ்சுகிடுகா. கனடாவுல பிரெஞ்சு பேசுற பக்கம் போனா குடும்பத்தோட போலாம்னு சொன்னாங்க. இனி பிள்ளைய விட்டுட்டுப் போவ எனக்குக் கழியாது.”

வளைகுடா மருத்துவமனை அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக் கடன் இருந்ததால் வேலையில்லாமல் இருக்கவும் வழியில்லை. கனடாவில் ஒரே ஒரு மருத்துவமனைதான் அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டிருந்தது. வீடியோவில் நேர்காணல். அது கிடைத்தால் குழந்தையோடு கனடா, கிடைக்காவிட்டால் குழந்தை மாமியோடு, அவள் மறுபடி விமானத்தில். வேறு வழி இருக்கிறது என்று சொல்லி அவளை ஏமாற்ற நான் விரும்பவில்லை, அவளும் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை.

எழுத்துத் தேர்வில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் லெ, லா பிசகாது. பேசச் சொன்னால்தான் வினை. உங்கள் வார்டுக்குக் காய்ச்சலோடு ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று பிரெஞ்சில் கேட்பேன். ‘நான் முதலில் எடுப்பது’ என்று தெளிவாக ஆரம்பிப்பாள். பெயர்ச்சொல் வரவேண்டிய இடத்தில் வண்டி நின்றுவிடும். உதடு மட்டும் அசையும். அடுத்த சொல் வருவதற்குள் கேட்டவனுக்குக் கேள்வியே மறந்துபோகும்.

“என்ன மக்கா யோசிக்க? தெரிஞ்ச வார்த்தைதானே” என்றேன் ஒருநாள்.

“தெரியும் சார். ஒருவட்டம் பாத்துக்கிடுகேன்.”

“எத?”

“லேபிள” என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. “ஊசி போடுகதுக்கு முன்ன குப்பியில லேபிள் பாக்கணும் சார். எடுக்கும்ப ஒருவட்டம், உறிஞ்சும்ப ஒருவட்டம், போடுகதுக்கு முன்ன ஒருவட்டம். பாக்காமப் போட்டா ஆளு போயிரும்லா. வார்த்தையும் எனக்கு அப்படித்தான் இருக்கு. வெளிய விட்டா திருப்பி எடுக்க முடியாது.”

சோம்பேறித்தனத்தால் வாய் திறக்காத மாணவரைத் திட்டலாம், எனக்கு அது கைவந்த கலை. பயத்தால் திறக்காதவரைச் சிரிக்க வைத்துத் திறக்க வைக்கலாம். நல்ல நர்ஸாக இருப்பதாலேயே வாய் திறக்காத ஒருத்தியை என்ன செய்வது? அவளுடைய அந்தக் குணத்தை உடைத்துவிட்டால் நாளைக்கு அவள் கையால் ஊசி போட்டுக்கொள்ளப்போகிறவர் கதி என்ன? லெ, லாவெல்லாம் முக்கியமே இல்லை, வாய்க்கு வந்ததைப் பேசு என்று சொல்லுங்கள் சார் என்று என்கூட வேலை பார்த்த ஒருவர் யோசனை சொன்னார். நான் சொல்லவில்லை. அது பொய். முக்கியம்தான். தப்பாகச் சொல்கிறவரைப் பிரெஞ்சுக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அதற்காக அவர்கள் கதவைச் சாத்துவதில்லை. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே சொன்னேன்.

“தப்பாச் சொன்னா யாரும் சாவமாட்டாங்க மக்கா.”

“எனக்குத் தெரியும் சார். எனக்க நாக்குக்குத் தெரியலியே.”

பிறகு ஒரு வழி கிடைத்தது. அவளாகவே கண்டுபிடித்தாள். நின்றுபோகும் இடத்தில் என் கையைப் பார்ப்பாள். வலதோ இடதோ ஒன்று லேசாக அசைந்தால் போதும், வண்டி மறுபடி ஓடும். லேபிளை என் கையில் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஓடவே ஓடாத வண்டி, எப்படியாவது ஓடட்டும் என்று விட்டேன். கொஞ்ச நாள் போனதும் கையைச் சிறுகச் சிறுக விலக்கிக்கொள்வது என்பது என் திட்டம். திட்டத்தில் தப்பில்லை, இப்போதும் அதைத்தான் செய்வேன். கனடாக்காரர்கள்தான் நேர்காணல் தேதியை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள்.

கொட்டாரத்தில் அவள் வீட்டில் இணையம் சரியில்லை. அதனால் நேர்காணல் நம் மையத்திலேயே, உட்புற அறையில். நமக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. திரையில் ஒரு பெண் வந்தார். அந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், சிரிப்பை வீணாக்குகிற ஆளாகத் தெரியவில்லை. அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். லேப்டாப்பைத் திருப்பி என்னைக் காட்டினாள் பிந்து. நான் ஆசிரியர், இணையம் அறுந்தால் சரிசெய்ய உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். இருக்கலாம், உதவி மட்டும் செய்யக் கூடாது என்றார். செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். லேப்டாப் அவள் பக்கம் திரும்பியது. அதன் பின்னால், அவள் கண்ணுக்கு நேராக, திரைக்குத் தெரியாமல் நான்.

பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் பிசிறில்லாமல் போயிற்று. எத்தனையோ முறை பயிற்சி செய்தவை. அடுத்து அந்த அம்மா கேட்டார். பல மாதங்களாகப் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு முதியவர். காலையில் அவர் அறைக்குள் போகிறீர்கள். முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

நர்ஸ் வேலை தெரிந்த யாருக்கும் பதில் தெரியும். தோலைப் பார்க்க வேண்டும். படுத்தே கிடப்பவருக்கு முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். பிந்து ஆரம்பித்தாள். ‘முதலில் நான் பார்ப்பது’ என்றாள். நின்றுவிட்டாள்.

பிரெஞ்சில் தோல் ஒரு பொல்லாத சொல். அதே எழுத்துகளில் முடியும் தொப்பி, படகு, கத்தி எல்லாம் ஆண். நாமே வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் விதி அது. அந்த விதிக்கு அடங்காமல் பெண்ணாக இருப்பவை தண்ணீரும் தோலும். வேறு யாருக்காவது வாழ்க்கையில் எப்போதாவது தேவைப்படும். நர்ஸுக்குத் தினம் தேவைப்படுகிற இரண்டு சொல்லும் அதில்தானா போய் மாட்ட வேண்டும்? விதி ஒரு பக்கம் இழுக்கிறது, மனப்பாடம் மறுபக்கம் இழுக்கிறது. அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். லேபிளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் கண் லேப்டாப்பைத் தாண்டி வந்தது. என் முகத்துக்கு வரவில்லை. நேராக என் கைகளுக்கு வந்தது.

என் வலது கை முழங்கால் மேல் இருந்தது. ஒரு விரலைத் தூக்கினால் போதும். அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது மனதில் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டுமாக இருந்திருந்தால் நான் விரலைத் தூக்கியிருப்பேன். அவளுடைய பிள்ளைக்காகத் தூக்கியிருப்பேன். என்னை நிறுத்தியது வேறொரு கணக்கு. இந்தச் சொல்லுக்குக் கை காட்டினால் அடுத்த சொல்லுக்கும் இவள் இங்கேதான் பார்ப்பாள். பார்த்துப் பார்த்துப் பேசுவதை எதிரே இருப்பவர் கண்டுபிடிக்காமல் இருப்பாரா? கண்டுபிடிக்காமலே போய் வேலையும் கிடைத்துவிட்டால், அங்கே வார்டில் நடுவாக்கியத்தில் இவள் நிற்கும்போது யார் கையைப் பார்ப்பாள்?

இரண்டு கையையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் பார்த்தாள். கூட்டத்தில் கையை விட்டுவிட்டுப் போனவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

“நான் பேசுவது கேட்கிறதா?” என்றார் அந்த அம்மா. இணையம் போய்விட்டது என்று நினைத்துவிட்டார் போல.

“கேட்கிறது” என்றாள் பிந்து.

என்மேலிருந்த கண்ணை எடுத்தாள். மேசைமேல் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைகள் எழுந்தன. இல்லாத ஒரு கிழவரின் தோளின் கீழ் ஒன்றும் இடுப்பின் கீழ் ஒன்றும் போயின. அவரைப் பைய ஒருக்களித்துத் திருப்பினாள். திருப்பிக்கொண்டே பேசினாள். தோலுக்கு ‘லெ’ என்றாள். தப்பு. நிற்கவில்லை. குதிகாலைத் தூக்கிக் காட்டினாள், சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பேன் என்று அழுத்திக் காட்டினாள், விரிப்பில் சுருக்கம் இருந்தால் இழுத்துவிடுவேன் என்று இழுத்தாள். ஆணெல்லாம் பெண்ணாகி, பெண்ணெல்லாம் ஆணாகி ஒரே கலவரம். காயத்தை ஆணாக்கினாள், கட்டிலைப் பெண்ணாக்கினாள். எழுத்துத் தேர்வில் ஒன்றுகூடத் தவறாதவள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஏனென்றால் அவள் வேலை தெரிந்தவள் என்பது முதன்முறையாகப் பிரெஞ்சில் கேட்டது.

அந்த அம்மா நாற்காலியில் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், குரல் பக்கத்தில் வந்தது. அந்த முதியவருக்குத் திரும்பிப் படுக்க விருப்பமில்லை, என்னைத் தொடாதே என்கிறார், என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பிந்து சிரித்துவிட்டாள். அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்பேன், பேச்சு வந்துவிட்டால் உடம்பும் வந்துவிடும் என்றாள். அந்த அம்மாவும் சிரித்தார். பதில் சொல்லும்போது அவர் போகிற போக்கில் தோல் என்ற சொல்லை ‘லா’ போட்டுச் சொன்னார். திருத்தவில்லை, சும்மா சொன்னார். அடுத்த வாக்கியத்தில் பிந்துவும் ‘லா’ போட்டாள். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்கு எதிரே இருப்பவர் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு யார் எதை எடுத்துக் கொடுக்க முடியும்?

இத்தோடு கதை சுபம் என்று நினைக்காதீர்கள். திரை அணைந்ததும் பிந்து எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

“கைய மறச்சிட்டீங்களே சார்.”

“மறச்சேன்.”

“ஒரு விரல அசச்சிருந்தாப் போதும்லா. நான் உங்களை நம்பித்தானே உக்காந்திருந்தேன்.”

“அசச்சிருந்தா அடுத்ததுக்கும் எனக்க விரலத்தான் பாத்திருப்ப.”

“பாத்தா என்ன சார்? இது எனக்க பிள்ளைக்க காரியம். உங்களுக்கு அது பாடம்.”

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க வகுப்புக்கு வரவில்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். “ஒரு விரல அசச்சா உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?” என்று அவளும் அந்தப் பக்கமே சேர்ந்துகொண்டாள். நான் செய்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சரியாகச் செய்தும் அந்தப் பிள்ளை மாமியிடமே இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. சரி, தப்பு வேறு, நடப்பது வேறு. இந்தத் தொழிலில் இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் இரவு படுக்கப் போக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து எல்லோரிடமும் கையை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். அதற்கு முந்தின மாதம்தான் வேறொரு பெண்ணுக்கு, அது பயிற்சித் தேர்வு, நான் கேள்வியையே மாற்றி எளிதாக்கிக் கேட்டேன். அவள் விழுந்தால் எழ மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பிந்து அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள். டாக்டர் வந்து சேர்வதற்குள் நெஞ்சை அழுத்தி ஆளை மீட்டவள். தனியாக விட்டால் அவள் கை வேலை செய்யும் என்று நம்பினேன். யாரை விடலாம், யாரைப் பிடிக்க வேண்டும் என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அதற்காகத்தான் உங்களுக்குச் சம்பளம். லெ, லா சொல்லிக்கொடுக்க இப்போது போனே போதும்.

பத்து நாள் கழிந்திருக்கும். அவளுடைய கணவர் கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வந்து இறங்கினார். சட்டையில் உர வாசனை.

“எடுத்துட்டாங்க சார். குடும்பத்தோட போறதுக்கும் சேத்துத்தான் கடிதம் வந்திருக்கு.”

“அவ எங்க?”

“வரமாட்டேன்னுட்டா. நேர்ல வந்தா அழுதிருவாளாம்.”

டீ சொல்கிறேன் என்று வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

கனடாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்தாள். குழந்தையும் வந்திருந்தது, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு. பிந்து கை நீட்டினாள். அது வரவில்லை. பிந்து கையை மடக்கிக்கொண்டு என்னிடம் வேறு ஏதோ பேசினாள்.

அதெல்லாம் சில வருடங்களுக்கு முன்பு. போன மாதம் கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே பனி. சமையலறையில் நின்றுகொண்டு வேலையைப் பற்றி, வார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பிரெஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று நானும் பிரெஞ்சுக்கு மாறினேன். வாய் கொட்டியது. நடுவில் கத்தியைப் பற்றி ஏதோ சொல்லும்போது ‘லா’ போட்டாள். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. நம் மையத்தில் படித்த ஒருத்தி கத்தியைத் தப்பாகச் சொல்வதா? நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். இரண்டு பின்னலும் பல் விழுந்த வாயுமாக ஒரு பிள்ளை அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது.

“லெ, அம்மா. லெ. எத்தன வாட்டி சொல்லித் தாறது?”

“சரி சரி, லெ” என்றாள் பிந்து. பிள்ளை திருப்தியாக இறங்கி ஓடியது. அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினாள்.

“கோவிக்காதீங்க சார், வேணும்னேதான் தப்பாச் சொல்லுகேன். கூப்பிட்டா இன்னும் கொஞ்சம் யோசிப்பா. தப்பாச் சொன்னா ஓடி வந்துருகா.”